இருபது நொடி பொறு

எழுதிய புரோகிராமைக் கணினி ஓட்டும்படி மாற்றும்போது, எல்லாக் கோப்புகளையும் ஒரே சமயத்தில் கம்பைல் செய்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஏதாவது ஒரு அவசரக்குடுக்கைக் கோப்பு, தனக்கு வேண்டிய இன்னொரு கோப்பு தயாராகும் முன்பே ஓடிப்போய் நின்று, அது இல்லையென்று பிழை காட்டி விழும். எது முடிந்தபின் எது தொடங்க வேண்டும் என்று எழுதிவைத்தால் தீர்ந்தது. தமயந்திக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரும் அதைச் செய்யவில்லை. விழுந்த இடத்திலெல்லாம் ‘பத்து நொடி பொறு’ என்று ஒரு வரியைச் செருகிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். காலையிலிருந்து அவள் அந்த வரிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கப் பிடுங்க வேறெங்கோ விழுந்தது.

மத்தியானம் அண்ணன் போனில் வந்தான்.

“நேத்தும் அவர் அடிச்சாருண்ணா. நான் அங்க உங்க வீட்டுக்கே வந்துடறேன்.”

“அவசரப்படாதம்மா. இன்னும் கொஞ்ச நாள் பொறு. எல்லாம் சரியாயிடும்.”

“எது நடக்கிற வரைக்கும்ணா?”

அவன் போனை வைத்துவிட்டான்.

மேனேஜர் சாமுவேல் பின்னால் வந்து நின்றார். “இது சாயங்காலம் கஸ்டமருக்குப் போயாகணும். பழையபடியே வச்சிடுங்க, ஓடினாப் போதும்.”

தமயந்தி சுடிதார்க் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிடுங்கிய வரிகளைத் திரும்ப வைத்தாள். ஓரிடத்தில் இன்னும் விழுந்தது. அங்கே பத்தை அழித்து இருபது என்று அடித்தாள். அந்த இருபது நொடியும் திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கும் விழாமல் ஓடி முடிந்து பச்சை எரிந்தது.

“சரியாயிடுச்சுல்ல?” என்றார் சாமுவேல். “நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க.”