உடைந்த பூட்டு

அணு உலை வெடித்து ஊரே காலியாகி ஐந்து மாதம் கழித்து, இரண்டு மணி நேர அனுமதியில் மிசாவோ தன் வீட்டுக்கு வந்தாள். வாசல் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"படுபாவிங்க! என்னென்னம்மா காணோம்?" புகார்த் தாளை எடுத்தார் துணைக்கு வந்திருந்த காவலர் குவாபரா.

"மீன் டின் ஆறு. அப்புறம், இரும்பு வெட்டுற கட்டர்."

"அட, இதுக்கா பூட்டை உடைச்சான்?"

மிசாவோ பதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். திரும்பி வந்தவள், உடைந்த பூட்டின் முன் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"புகார் வேணாம் சார். ரெண்டே நாள்ல திரும்பிடலாம்னு சொன்னாங்களேன்னு, நாயைக் கட்டிப்போட்டுட்டுப் போயிட்டேன். பின்னால ஆறு டின்னும் நக்கித் தொடச்சுக் கிடக்கு."

அவள் கையில், துண்டாக வெட்டிய சங்கிலி.