ஒருத்தர் விடாமல்

ஃபிலடெல்பியா விடுதியில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. புது நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத வந்த இரண்டு கனவான்களும் கைகலக்காத குறைதான்.

"அடிமைங்களும் மனுஷங்கதான்யா! மாநில மக்கள்தொகையில ஒருத்தர் விடாம எண்ணணும்!" என்று மேசையைக் குத்தினார் பிரெண்டிஸ்.

"ஒருத்தரைக்கூட எண்ண விடமாட்டேன். எண்ணுவீங்கன்னா என் குதிரைங்களையும் எண்ணுங்க!" என்று சீறினார் ஹாலோவெல்.

ஆட்டுக்கறி பரிமாறிக்கொண்டிருந்த சூக்கிக்குக் கண் கலங்கியது. மேரிலாந்துப் பண்ணையிலிருந்து தப்பி வந்து, சுதந்திரப் பெண் என்று பொய் சொல்லி வேலை பார்ப்பவள் அவள். காலையில்தான் அடிமை பிடிக்கும் ஆட்கள் பக்கத்துத் தெருவைச் சல்லடை போட்டுத் தேடியிருந்தார்கள்.

பிரெண்டிஸ் வண்டியேறும்போது ஓடிப்போய்க் காலில் விழுந்தாள்.

"ஐயா, நான் தப்பி வந்தவ. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"அடடா, எழுந்திரு. முதல்ல வண்டியில ஏறு" என்றார் அவர் கனிவாக.

வண்டி ஊரைத் தாண்டியதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"அந்தக் குதிரைக்காரருக்கு எங்க மேல ஏன் ஐயா அவ்வளவு வெறுப்பு?"

"ஹாலோவெல்லுக்கா?" பிரெண்டிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "அடிமை முறையே கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்துறவன் அவன். சபையில இடம் தலைக்கணக்குப்படிதான். உங்களையும் எண்ணினா, எங்களை மாதிரி தெற்கத்திப் பண்ணைக்காரங்களுக்கு இடம் கூடிடுமேன்னு அவனுக்கு வயித்தெரிச்சல்."

சூக்கி பாய்ந்து கதவைத் தள்ளினாள். வெளியே படியில் நின்ற அவருடைய ஆள் முதுகைக் கொடுத்து அடைத்துக்கொண்டான்.

"பேசாம உட்காரு" என்றார் பிரெண்டிஸ். "ஒருத்தர் விடாம எண்ணணும்னு சொன்னேன்ல? உன்னையும் சேர்த்துத்தான்."