முதல் நாள் கூச்சல்

ஜப்பானிய கார்ட்டூனான அனிமே தொடரில் மந்திரச் சிறுமி வீராங்கனையாக உருமாறும்போது போடும் கூச்சலை டப்பிங்கில் ஒரே தடவைதான் பதிவுசெய்வோம். எல்லா எபிசோடுக்கும் அதையே ஒட்டுவோம். அவளுக்குக் குரல் கொடுக்கும் நித்திலா முதல் நாளே, “ஒளியே, வா!” என்று சிரித்துக்கொண்டே கத்திக் கொடுத்திருந்தாள்.

கடைசி எபிசோடில், சாகப்போவது தெரிந்தே அந்தச் சிறுமி உருமாறுகிறாள்.

“மத்த மந்திரச் சிறுமி கதையில எல்லாம் அவ ஜெயிப்பா, இது அதைத் தலைகீழாக்குது. புதுசா, பயந்து கத்தும்மா,” என்றேன்.

“பழசையே ஒருவாட்டி போட்டுப் பாருங்க சார்.”

போட்டேன். அதே குரல், அதே சிரிப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நித்திலா ஹெட்போனைக் கழற்றாமல் நின்றாள். முதல் எபிசோடைத் திரும்ப ஓடவிட்டோம். பூவும் ரிப்பனும் சுழலும் அந்தக் குதூகலத்திலும் உடம்பு அப்படியே சிலிர்த்தது.

“அன்னிக்கே அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு சார்,” என்றாள்.