நடு மேசைக்குக் காபி

காலை பதினொன்றேகாலுக்கு அறக்கட்டளைத் தலைவர் வந்து பயிற்சி உணவகத்தின் நடு மேசையில் உட்கார்ந்தார். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஓட்டல் வேலை கற்றுத்தரும் இடம் அது. அவர் பணம் தராவிட்டால் இந்த மாதத்தோடு மூட வேண்டியதுதான்.

மாணவி ஒருத்தி தட்டில் காபி கொண்டுவந்தாள். மேசையருகே நின்று கண்களை இறுக மூடினாள். தட்டு சாய்ந்து, காபி அவர் சட்டையில் கொட்டியது.

"மன்னிச்சுக்குங்க சார்." பயிற்சியாளர் துண்டோடு ஓடிவந்தாள். "இன்னும் பழகிக்கிட்டு இருக்கா."

"விடும்மா. நல்ல வேளை, சூடு இல்ல." அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டார். "போன வருஷம் எல்லாரும் ஒரு சொட்டு சிந்தாம பரிமாறுனாங்க. இதுங்களுக்கு எதுக்குப் பயிற்சின்னு பணத்தை வேற இடத்துக்குக் கொடுத்துட்டேன். இப்பதான் புரியுது, பாவம்."

ஈரச் சட்டையோடே காசோலையில் கையெழுத்துப் போட்டார்.

அவர் கார் கிளம்பியதும் பயிற்சியாளர் சமையலறைக்குப் போனாள். அதே மாணவி, தட்டில் ஆறு கோப்பைகளில் தண்ணீர் நிரப்பி, அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். தரையில் ஈரமே இல்லை.

"நீங்க சொன்ன மாதிரியே கொட்டிட்டேன்க்கா. இனிமே கொட்டாம கொண்டுபோகலாம்ல?"