எந்த முத்துவேல்?

"ஆண்டு விழாவுக்கு முத்துவேலை வரச் சொல்லிடுங்க, சார்" என்றார் தலைமையாசிரியை புஷ்பலதா. பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த கோகுல்ராஜ், "சரிங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்து கணக்கு ஆசிரியை தீபாவிடம் விசாரித்தான்.

"ஆரணில முத்துவேலுக்கா பஞ்சம்? பட்டுப் புடவை டிசைனுக்கு விருது வாங்கினவரு ஒருத்தர். கண் டாக்டர் ஒருத்தர். கபடில இந்தியாவுக்கு ஆடினவரு ஒருத்தர். மேடம் யாரைச் சொன்னாங்களோ!"

திரும்பப் போய்க் கேட்க அவனுக்குப் பயம். தப்பான ஆளை அழைத்துவிட்டால் வேலைக்கே ஆபத்து. அதனால் மூவர் வீட்டுக்கும் பழத்தட்டோடு போய் அழைத்தான். மூவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள்.

விழா அன்று புஷ்பலதா வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"முத்துவேல் எங்க, சார்?"

"அதோ, கார்லேருந்து இறங்கிகினு இருக்காங்க மேடம். மூணு பேருமே!"

"ஐயோ, இவங்கள யாரு கூப்ட்டது? நான் சொன்னது பந்தல் போடற முத்துவேலை! பந்தல் இல்ல, சேர் இல்ல. பெத்தவங்கல்லாம் வர்ற நேரம்!"

இதைக் காதில் வாங்கிய கபடி முத்துவேல் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"பேஜாராவாதீங்க மேடம். கிளாஸ்ல பெஞ்சு இருக்கில்ல? வேப்பமரத்து நிழல்ல போட்டுடலாம். டாக்டர், நீங்க அந்தப் பக்கம் புடிங்க."

விருது முத்துவேல் அதற்குள் அடுத்த பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கியிருந்தார். மறுமுனையைப் பிடிக்க கோகுல்ராஜ் ஓடினான்.