பதில் கடிதத்தில் ஒரு வார்த்தை

ஆரியசாலையில் மனு எழுதும் தாணுப் பிள்ளையிடம் தாசம்மாள் சர்க்கார் கடிதத்தை நீட்டினாள். அவள் கணவன் ஏசுவடியான் வித்துரா மலைப்பாதை வேலையில் மண் சரிந்து செத்து ஆறு மாதம் ஆகிறது. உதவி கேட்டு மனு எழுதிக் கொடுத்தவர் பிள்ளைதான்.

பிள்ளை இங்கிலீஷை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“என்ன எழுதியிருக்கு, ஐயா?”

“அந்த மழையில சரிவுல வேலை நடந்தது அவிவேகம்னு எழுதியிருக்கான்.”

“அப்படீன்னா?”

“யோசனையில்லாம செஞ்ச காரியம். கெட்ட எண்ணம் இல்ல. ஆனா புத்தியும் இல்ல.”

தாசம்மாளின் முகம் தெளிந்தது. “ஓவர்சியருக்குப் புத்தியில்லன்னு சர்க்காரே சொல்லியாச்சா! கொட்டுற மழையில அவருதானே இவங்கள வெரட்டி எறக்கினாரு? ஞாயிறாழ்ச்ச சபையில உபதேசியார இத வாசிக்கச் சொல்லுவேன். எல்லாரும் கேக்கட்டும்.”

கடிதத்துக்குக் கை நீட்டினாள். பிள்ளை கொடுக்கவில்லை.

“தாசம்மா, ஒனக்க மனுவுல நானா ஒரு வரி கூடுதலாச் சேர்த்தேன். ஒம் புருஷன் யாரும் ஏவாமலே தைரியமா முதல் ஆளா இறங்கினான்னு. படிக்கிறவன் மனசு எளகட்டும்னுதான் எழுதினேன்.”

“நான் அப்படிச் சொல்லல்லியே!”

“சொல்லல்ல. அந்த வரியத்தான் பிடிச்சுக்கிட்டான். ஓவர்சியர் மேல குத்தமில்ல, அவிவேகம் செத்தவனுக்குத்தான், உதவி கிடையாதுன்னு முடிச்சிட்டான்.”

தாசம்மாள் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

“ஞாயிறாழ்ச்ச நீங்களும் சபைக்கு வரணும், ஐயா. உபதேசியார் வாசிச்சு முடிச்சதும், அது யாருக்க அவிவேகம்னு நீங்க எழும்பி நின்னு சொல்லணும்.”