பஸ்ஸை விட்டு இறங்கியவன்

"உம் பொண்டாட்டி நாள் பூரா கேம் பொட்டியும் கையுமா உக்காந்திருக்கறா. அடுப்பப் பாக்கறதில்ல, என்னப் பாக்கறதில்ல. நீயே வந்து கேளு."

போனில் அம்மா சாலம்மாள் சொன்னதும் மதியழகனுக்குச் சுர்ரென்று ஏறியது. ஓசூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் பிடித்தான்.

இண்டூர் வீட்டுக்குள் அவன் நுழைந்தபோது, கவிப்பிரியா லேப்டாப்பில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய கேம் பாக்ஸ்.

"எம்.சி.ஏ. படிச்சவ பண்ற வேலையா இது? சின்னப் புள்ளையாட்டம் வெளையாடிக்கிட்டு!"

"வெளையாடலைங்க. இதுக்குக் கேம் எழுதறேன். அசெம்பிளிங்கற கம்ப்யூட்டர் பாஷையில."

"எங்கம்மாவப் பட்டினி போட்டுட்டு எழுதணுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மதியழகன் வெடுக்கென்று கேம் பாக்ஸை எடுத்து ஆன் செய்தான்.

திரையில் ஒரு பஸ் வந்து நின்றது. தோளில் பையோடு ஒருத்தன் இறங்கினான். பட்டனை அழுத்த அழுத்த நடந்தான். மளிகைக் கடை, தண்ணி டேங்க், மாரியம்மன் கோயில்... எல்லாம் இண்டூர்!

இவர்கள் வீட்டு வாசலும் வந்தது. அங்கே வந்ததும் திரையில் நடந்தவன் அசையாமல் நின்றுவிட்டான். எந்தப் பட்டனை அழுத்தியும் நகரவில்லை.

"யாரு இது?"

"நீங்கதான்."

"ஏன் நின்னுட்டான்?"

"அதுக்கு மேல எழுதலைங்க. இதுல ஒவ்வொண்ணையும் நாமதான் சொல்லித் தரணும். கால் எடுத்து வைக்கறதக்கூட. வூட்டுக்குள்ள வந்ததும் நீங்க என்ன செய்வீங்க, மொதல்ல யாரக் கூப்பிடுவீங்க... யோசிச்சுப் பாத்தேன். மறந்து போச்சுங்க."

மதியழகன் கேம் பாக்ஸை மெல்லக் கீழே வைத்தான். பொங்கலுக்கு வந்து போனவன். இப்போது ஆவணி முடியப் போகிறது.

சாலம்மாள் தட்டில் களியும் கீரைக் குழம்புமாக வந்தாள்.

"சாப்புடு. கவி ஆக்குனது. எனக்கு வேளா வேளைக்குப் போட்டுட்டுத்தான் அவ அந்தப் பொட்டியவே தொடுவா."

"அப்புறம் ஏம்மா போன்ல அப்படிச் சொன்ன?"

"'வாடா, அவ உன்ன நெனச்சு ஏங்கறா'ன்னு எத்தன வாட்டி கூப்புட்டேன்? லீவு இல்லன்ன. அவளப் பத்திக் கொற சொன்னதும் ஒடனே லீவு கெடச்சிருச்சே!"